மெடிக்கல் ஷாப் பெரியவருக்கும் மற்ற எல்லோருக்கும்

தம்பியின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்று காலை வந்தது. பைபோலாருக்கு, அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்க்கு, அவன் சாப்பிடும் லித்தியம் மருந்து ரத்தத்தில் 0.7. சரியான அளவு. குடியை விட்டும் இன்றோடு 90 நாள். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கல் ஷாப் பெரியவருக்கு. ஐயா, அன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டீர்கள். தம்பிக்குப் பல்வலி. வீட்டில் வழக்கமாகப் போடும் புரூஃபென் கேட்டேன். எடுத்த அட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, "தம்பிக்காம்மா? அவன் லித்தியம் சாப்பிடறானே, இது ஆகாது" என்றீர்கள். இந்த மாதிரி வலி மாத்திரை போட்டால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே தள்ளுவது குறையும், ரத்தத்தில் அளவு ஏறி விஷமாகிவிடும் என்று குனிந்து நின்றபடியே விளக்கினீர்கள். இரண்டு பாரசிட்டமாலைக் கிழித்துக் கொடுத்தீர்கள், காசு வாங்கவில்லை. டாக்டரும் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அன்றைக்கு என் மண்டையில் எது ஏறியது!

அப்புறம் போகும்போதெல்லாம் ஒரே விசாரிப்பு: "தண்ணி நல்லா குடிக்கிறானா? வெயில் காலம், உப்பைத் திடீர்னு குறைச்சுடாதீங்க." நான் மருந்துச் சீட்டை நாலாக மடித்து, அக்கம்பக்கம் பார்த்துத்தான் நீட்டுவேன். நீங்களோ பக்கத்தில் நிற்பவருக்குச் சுகர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அதே முகத்தோடு கொடுப்பீர்கள். போன மாதம் சீட்டை மடிக்காமல் நீட்டினேன். கவனித்தீர்களோ என்னவோ.

டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது? முன்பு ஓரிடத்தில் "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "முதலில் மனசு தெளியட்டும்" என்றார்கள். இரண்டு வருஷம் அப்படியே அலைந்தோம். தூங்காமல் பறந்த நாட்களிலும் குடித்தான், படுக்கையை விட்டு எழ முடியாத நாட்களிலும் குடித்தான். குடி முதலா, பைபோலார் முதலா என்ற வழக்கை இவர் ஓரமாக வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே ஃபைலில் சேர்த்தே பார்த்தார்.

இரவு இரண்டு மணிக்கு 14416 மனநல உதவி எண்ணில் பேசிய பெண்ணுக்கும், கைநடுக்கம் அடங்கும்வரை கூடவே இருந்த வார்டு ஊழியர்களுக்கும், லீவு போட்டு வந்த பெரியப்பா மகனுக்கும், "கூட்டத்துக்கு வா, ஆனா டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதே" என்ற ஏ.ஏ. (குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) நண்பர்களுக்கும் நன்றி.

ஆவணியில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். தம்பிக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் இனி மஞ்சள்காமாலை என்று சொல்லமாட்டேன். அதை நம்பி வாரம் தவறாமல் கீழாநெல்லி பறித்துக் கொடுத்த அத்தைக்கு, நன்றியோடு ஒரு மன்னிப்பும்.