நாற்றின் இலை ஏன் மஞ்சளானது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற மாதம் எங்களிடம் தக்காளி, மிளகாய் நாற்று வாங்கியவர்களில் சிலர், அடியிலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டதைத் தட்டோடு கொண்டுவந்து காட்டினீர்கள். விதையில் குறையில்லை. நாற்று வளர்த்த கலவையில்தான் பிழை. அந்தப் பிழை எங்களுடையது.

கரும்புச் சக்கையை முழுமையாக மட்கும் முன்பே கலவையில் சேர்த்துவிட்டோம். சக்கையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியுள்ள கலவையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வயலில் என்றால் வேர் வேறு பக்கம் ஓடித் தேடிக்கொள்ளும். 98 குழித் தட்டில் ஒரு நாற்றுக்கு ஒரு பிடிக்கும் குறைவான கலவைதான். அங்கே பசித்திருந்தது நாற்று.

பழையபடி பீட் (சதுப்பு நிலத்தில் செடிகள் பாதி மட்கிப் படிந்த பொருள்) கலவைக்கே திரும்பச் சொல்கிறீர்கள். பீட் நல்ல வளர்ப்பு ஊடகம், மறுக்கவில்லை. ஆனால் சதுப்பு நிலத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் படிகிறது. வெட்டி எடுத்தால், காலங்காலமாக அடங்கிக் கிடந்த கரிமம் காற்றில் கலக்கிறது. அறுவடைக்குப் பின் மிஞ்சும் பொருள்களைப் பக்குவப்படுத்தப் பொறுமை இருந்தால் போதும் என்றிருக்கும்போது, பீட்டுக்குத் திரும்ப எங்களுக்கு மனமில்லை.

இப்போதைய கலவை தென்னை நார்க்கழிவு, உமிக்கரி, மண்புழு உரம் ஆகியவை. நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். கூடவே உப்பையும் பிடித்துவைக்கும். வெறும் நீரில் அலசினால் ஒட்டியிருக்கும் சோடியம் முழுதும் போகாது. ஆகவே கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசுகிறோம். உமியைக் கரியாகும் வரை மட்டுமே சுடுகிறோம். வெண்சாம்பலாகிவிட்டால் காரத்தன்மை ஏறி நாற்றைக் கெடுக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் முள்ளங்கி விதை தூவிப் பார்க்கிறோம். அது ஒழுங்காக முளைத்து, பச்சை மாறாமல் நின்ற பிறகே உங்கள் நாற்றுக்கான விதை குழியில் இறங்குகிறது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நார்க்கழிவின் மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்து வெளிறும், உள்ளே ஈரம் இருக்கும். நிறத்தைப் பார்த்து நீர் ஊற்றாதீர்கள். தட்டைத் தூக்கி எடை பாருங்கள். நீர் மிஞ்சினால் நாற்றழுகல் வரும். நடும்போது, வேரும் கலவையும் சேர்ந்த வேர்க்கட்டி வெளியே தெரியாதபடி மண்ணால் மூடுங்கள். வெளியே தெரிந்தால் அது திரிபோல ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

மஞ்சளான தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மாற்று நாற்று தருகிறோம். ஏற்கெனவே நட்டுவிட்டவர்களும் வந்து கேளுங்கள், உங்களுக்கும் உண்டு.

அன்புடன்,
நாற்றுப் பண்ணையினர்