பின்னணியை அளக்கும் விதி பொருளையும் அளக்கட்டும்

இணைய விற்பனைத் தளங்களில் பொருட்பட்டியல் விதிகளை வகுப்போருக்கு,

வணக்கம். விற்பனையாளர்களுக்காகப் பொருட்படங்களைத் திருத்திப் பட்டியலில் ஏற்றித் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பின்னணியை நீக்குவது, பொருளைப் படச்சட்டத்தின் நடுவில் நிறுத்துவது, கோப்புக்குப் பொருள் எண்ணைப் பெயராக இடுவது, விலையும் இருப்பும் மாறும்போது பட்டியலைப் புதுப்பிப்பது ஆகிய அனைத்தையும் இன்று மென்பொருளே செய்துவிடுகிறது. அதில் எனக்குக் குறையேதும் இல்லை. நூற்றுக்கணக்கான படங்களின் ஓரங்களைக் கையால் வெட்டிய காலத்துக்காக இத்தொழிலில் எவரும் ஏங்குவதில்லை. என் முறையீடு, அந்த மென்பொருள் எதில் தேற வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் அளவுகோலைப் பற்றியது.

முதன்மைப் படத்தின் பின்னணி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச அளவான 255-இல் நிற்கும் தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படச்சட்டத்தின் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்பன போன்ற விதிகளைக் கணினி நொடியில் சரிபார்த்துவிடும். ஆகவே கருவிகளும் இவற்றில் தேறுவதற்கென்றே அமைக்கப்படுகின்றன. வெள்ளைச் சட்டையின் ஓரம் பின்னணியோடு கரைந்துபோனாலும், பின்னல் துணியின் துளைகள் அடைபட்டாலும், கண்ணாடிக் குவளைக்குள் பழைய பின்னணியின் சாயல் தங்கிவிட்டாலும், சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் படம் தேறிவிடுகிறது.

நிறத்தில்தான் சேதம் அதிகம். விளக்கொளியின் சாயலைக் கணித்து நீக்கும் தானியங்கி வெள்ளைச் சமன் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே கணிப்பதால், ஒரே துணி இரண்டு படங்களில் இரண்டு சாயலில் வந்து நிற்கிறது. படச்சட்டம் முழுவதும் ஒரே நிறம் நிறைந்திருந்தால், அதை விளக்கொளியின் சாயல் என்று எண்ணி மென்பொருள் வெளுக்கச் செய்துவிடுவதும் உண்டு. கோப்பிலுள்ள எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று வரையறுப்பது வண்ணவெளி. அடோபி ஆர்ஜிபி என்னும் அகன்ற வண்ணவெளியில் சேமித்த கோப்பை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், வண்ணவெளி எது என்று சொல்லும் வண்ணக்குறிப்பை மட்டும் களைந்து ஏற்றினால் நிறம் மங்கித் தெரியும். விளக்கமைப்பு மாறும்போதெல்லாம் அளவு தெரிந்த நிறங்கள் 24 கட்டங்களில் அச்சிட்ட நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அந்தத் தொகுதி முழுவதற்கும் அதையே ஆதாரமாகக் கொண்டால் இவற்றில் பெரும்பகுதி தீரும். ஆனால் அதை எந்த விதியும் கேட்காததால், அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

விடுபட்ட கைப்பிடியையோ துணியின் மடிப்பையோ செயற்கை நுண்ணறிவு தானே வரைந்து சேர்ப்பதை நான் திருத்தம் என்று கருதவில்லை. வாங்குபவர் கைக்கு வராத ஒன்றை அது காட்டுகிறது. இவ்வாறு உருவான படங்களை அடையாளப்படுத்த ஐபிடிசி மேற்குறிப்பில், அதாவது படக்கோப்புக்குள்ளேயே பதியும் விவரக் குறிப்பில், இடம் இருக்கிறது. படத்தைச் சுருக்கும்போது பல கருவிகள் அக்குறிப்பை அழித்துவிடுகின்றன என்பதால், அதைக் காக்கும் பொறுப்பை உங்கள் பதிவேற்ற மென்பொருளே ஏற்க வேண்டும்.

பட்டியல் புதுப்பிப்பைப் பற்றி ஒன்று மட்டும். விரிதாளில் படங்களின் நிரல் ஒரு வரி பிசகினால், நீலத்துக்குப் பச்சையும் பச்சைக்குச் சிவப்புமாக ஒரு தொகுதியே மாறிப்போகும். கோப்புகள் யாவும் விதிப்படி இருப்பதால் தானியங்கிச் சோதனைக்கு அது தெரியாது. தொகுதிக்குச் சில படங்களையேனும் மனிதர் ஒருவர் பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்ததற்கான பதிவை நீங்கள் கேட்கலாம். ‘படத்தில் கண்டது போல் இல்லை’ என்று திரும்பி வரும் பொருளின் குறிப்பையும், வாங்கிய நாளில் தளத்தில் இருந்த படத்தின் பதிப்போடு இணைத்து விற்பனையாளருக்கு அனுப்பலாம்.

இவை அனைத்தையும் ஒரே திருத்தத்தில் கொண்டுவர இயலாதெனில், நிற அட்டை பற்றிய விதியை முதலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பொருட்படத் திருத்துநர் ஒருவர்