பள்ளிக்கு நீ எழுத வேண்டிய கடிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம், அப்பாவின் முழங்காலைப் பற்றி அவரே உன்னிடம் சொல்லியிருப்பார். பேரனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் "பரவாயில்லைம்மா" என்று சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவதால், நடுவில் துண்டிக்க முடியாதபடி இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

விடுமுறையில் அவன் இங்கே இருந்தபோது வீட்டுப்பாடம் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வரியை எழுதுவான், அழிப்பான், அதே வரியை மறுபடியும் எழுதுவான். அழித்து அழித்துத் தாள் மெலிந்து, கடைசியில் கிழிந்தே போனது. அவன் சலித்துக்கொள்ளவில்லை, அடுத்த பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து தொடங்கினான். "பாட்டி, உங்களை ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்பான். இல்லையடா என்பேன். முகம் தெளியும், சற்று நேரத்தில் அதே கேள்வி திரும்பவும் வரும்.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்ற மனநலக் கோளாறைப் பற்றி நீ இரவெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை வாய்தவறிச் சொல்லிவிட்டார், அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நீ எதையும் கரைத்துக் குடிப்பவள் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவ்வளவு படித்தவள் பள்ளியில் மட்டும் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

காலமெல்லாம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன், கேள். காரணம் தெரியாத பிள்ளைக்கு அங்கே ஒரு பெயர் விழுந்துவிடும்: சோம்பேறி, அடம்பிடிப்பவன், கழிப்பறை என்று சொல்லிவிட்டு வகுப்பைத் தட்டிக்கழிப்பவன். தேர்வுத் தாளில் பாதியை வெறுமையாக விட்டு வருபவன் விடை தெரியாமல் விடவில்லை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தே நேரத்தைத் தொலைத்திருக்கிறான் என்பது யாராவது சொன்னால்தான் ஆசிரியருக்குப் புரியும். ஆகவே எழுதிக் கொடு. வாசலில் நின்று வாயால் சொல்வது அந்த ஆசிரியர் மாறும்போது அவரோடு போய்விடும். எழுத்து கோப்பில் இருக்கும்.

மருத்துவர் உறுதிசெய்யட்டும் என்று நீ காத்திருக்கிறாய் போலும். இந்த எண்ணங்களும் செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கின்றனவா, இல்லையென்றாலும் படிப்பையும் பிறரோடு பழகுவதையும் கெடுக்கின்றனவா என்றுதான் அவர்களும் பார்க்கிறார்கள். அந்த மதிப்பீடு நடக்கட்டும். தேர்வுச் சலுகைக்குச் சான்றிதழ் கேட்டால் அப்போது கொடுத்துக்கொள்ளலாம். வகுப்பறைக்குள் நாளை முதல் செய்யக்கூடிய உதவிக்கு, "சந்தேகப்படுகிறோம், மருத்துவரைப் பார்க்கிறோம், இவை எங்கள் கண்ணில் பட்டவை" என்று எழுதினாலே போதும். வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தப் பாடத்தில் மோசமாகிறது என்று தேதியோடு எழுது. அவன் மனதுக்குள் வரும் எண்ணங்கள் என்னென்ன என்பதை மட்டும் எழுதாதே. அது அவனுடைய அந்தரங்கம், வளர்ந்த பிள்ளை. யாருக்குத் தெரியலாம், எவ்வளவு தெரியலாம் என்று முதலில் அவனையே கேள்.

எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், கையெழுத்துக்குப் பதில் தட்டச்சு, பதற்றம் முற்றும்போது போய் உட்கார ஓர் ஆள், திரும்பி வர ஒரு நேரம், இவற்றைக் கேள். "சரியாகச் செய்தேனா?" என்று அவன் கேட்டால் ஒருமுறை மட்டும் பதில் சொல்லிவிட்டு, பிறகு "இது அந்தப் பயம் கேட்கிற கேள்வி, உன் கேள்வி அல்ல" என்று கனிவாக நிறுத்தச் சொல். பயப்படுகிற எல்லாவற்றிலிருந்தும் விலக்கு மட்டும் வாங்கிவிடாதே. பயத்தை எதிர்கொண்டும் அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதுதான் இதற்குச் சிகிச்சை. பள்ளி தரும் சலுகை அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சில வாரங்களில் மறுபடி கூடிப் பார்த்து, முடிந்ததைக் குறைத்துக்கொள்வோம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடு.

மாத்திரை என்றால் நீ மிரளுவாய் என்று தெரியும். ஓசிடி உள்ள, 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரை வைத்து நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், பயத்தை எதிர்கொள்ளப் பழக்கும் இந்தப் பயிற்சி தனியாகவும் பலன் தந்தது, செர்ட்ராலின் மருந்து தனியாகவும் தந்தது, இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் கூடுதலாக இருந்தது. முடிவு மருத்துவருடையது, நீ முன்கூட்டியே கதவைச் சாத்தாதே என்பதற்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா என்று அவர் கேட்பார். உன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடு. அப்பா முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு அவன் வாயில் வந்தால் எந்தக் கடிதத்துக்கும் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போ.

பள்ளிக்கு எழுதுவது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது போல உனக்குத் தோன்றலாம். அவன் படும் பாட்டை அங்கே எல்லோரும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், காரணம் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடு அம்மா. வகுப்பாசிரியருக்கும் ஆலோசகருக்கும் ஒரே கடிதம், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், படிக்க மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பிழை திருத்த மட்டும்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா