கொலோன் பேராலயத்தை முன்வைத்து நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

இங்கு யாவரும் நலம். உங்களுக்குப் பேத்தி பிறந்த செய்தி அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. படிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, நீங்கள் அனுப்பியிருந்த ஜெர்மானிய ஓவியத் தொகுப்பைத்தான் முதலில் பிரித்தேன்.

ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1914-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய, கொலோன் நகரின் ரைன் ஆற்றுப் பாலத்தைக் காட்டும் ஓவியத்தின் ஓரத்தில், ‘கோடுகூட நேராக வரவில்லையே, இவருக்கு வரையத் தெரியாதா?’ என்று பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். மாணவப் பருவத்தில் தொடங்கிய நம் வழக்கு இன்னும் தீரவில்லை போலும். ஆனால் கிர்ஷ்னர் டிரெஸ்டனில் கட்டடக்கலை பயின்று 1905-இல் பட்டம் பெற்றவர். அளவுகோல் வைத்துக் கோபுரம் வரையப் பழகிய அந்தக் கை, அதை அறிந்தே விலக்கி வைத்தது என்றுதான் நான் எண்ணுகிறேன். அதே ஆண்டில் நண்பர்களோடு அவர் தொடங்கிய ஓவியர் குழுவின் பெயரும் ‘பாலம்’ என்பதே. 1913-இல் குழு கலைந்தது, மறு ஆண்டில் உண்மையான ஒரு பாலத்தை வரைந்தார்.

ஓவியத்தில் பாலத்துக்குப் பின்னால் தெரியும் கொலோன் பேராலயத்தின் கதை உங்களுக்குத் தெரியும். 1248-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, இடையில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் வேலை நின்று, முடிவுறாத தெற்குக் கோபுரத்தின் தலையில் பாரந்தூக்கி ஒன்று தலைமுறை தலைமுறையாக நின்றிருக்க, 1880-இல்தான் 157 மீட்டர் உயரத்தில் கட்டி முடிக்கப்பட்டது. கிர்ஷ்னர் வரைந்த ஹோஹென்ஸோலர்ன் இரும்புப் பாலமோ 1907-இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் எழுந்துவிட்டது. ஓவியத்தில் முன்னால் நின்று படத்தை ஆள்வது அந்த இரும்பு வளைவுகள்தான். அறுநூறு ஆண்டு உழைப்பு தொலைவில் இரண்டு கூர்முனைகளாகச் சிறுத்து நிற்கிறது. பாலத்தில் விரைந்து நடப்பவனின் கண்ணில் பேராலயம் அப்படித்தான் படும். அசையாமல் நின்று பார்ப்பவனுக்கு மட்டுமே கோடுகள் நேராக இருக்கும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மழுங்கத் தேய்த்த பரப்பு எங்கும் இல்லை; பக்கம்பக்கமாகச் சரியும் குறுங்கீற்றுகளே இரும்பையும் கல்லையும் ஒரே துடிப்பில் இழுத்துச் செல்கின்றன. பளபளப்பு வராமலிருக்க வண்ணத்தைப் பெட்ரோலியத் தைலத்தில் நீர்க்கக் கரைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

பின்னர் நடந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது. 1937-இல் நாஜி அரசு அவருடைய படைப்புகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவற்றை அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தது. மறு ஆண்டே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1945 மார்ச்சில், பின்வாங்கிய ஜெர்மானியப் படையே அந்தப் பாலத்தைத் தகர்த்தது. பல குண்டுகள் தாக்கியும் பேராலயம் நின்றது.

தொகுப்பை அடுத்த வாரம் திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தை விரித்து, இரு கோபுரங்களையும் கட்டைவிரலால் சற்று மறைத்துக்கொண்டு பாருங்கள். அப்போது பாலம் எங்கே போய்ச் சேருகிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்