பாக் நீரிணைக்கு அப்பாலுள்ள வாழ்வையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலில் அண்மையில் இலங்கைக்குச் சென்று, யாழ்ப்பாணத்தையும் மலையகத்தையும் கொழும்பையும் பார்த்துத் திரும்பினேன். சில மணி நேரக் கடற்பயணத்தில் சென்றுசேரக்கூடிய அந்த நாட்டைப் பற்றி, 2009-இல் முடிந்த போரின் நினைவுகளும் மீனவர் கைதுகளும் தவிர வேறு செய்திகளை நம் நாளிதழ்களில் அரிதாகவே பார்க்கிறோம். அந்தக் குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைதுச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் குருநகர்க் கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, நான் எந்த ஊர் என்று கேட்டறிந்துகொண்டு, "எங்கட வலையை அறுக்கிறது நேவி இல்லை ஐயா, உங்கட பக்கத்து றோலர்தான்" என்றார். இழுவைப் படகைத்தான் அங்கே றோலர் என்கிறார்கள். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் மறுத்துப் பேசுவதற்கும் எதுவும் இல்லை. போர்க்காலத்தில் பாதுகாப்புத் தடைகளால் ஆண்டுக்கணக்கில் கடலுக்குள் போக முடியாதிருந்த வடபகுதி மீனவர்கள், போர் முடிந்தபின் கடன் வாங்கிச் சிறிய படகுகளும் வலைகளும் தேடிக்கொண்டு தொழிலுக்குத் திரும்பியவர்கள். கடலின் அடித்தளத்தையே வாரியெடுக்கும் இழுவை மடிகள் ஓரிரவில் அந்த வலைகளை அறுத்துச் சென்றுவிடுகின்றன. இலங்கை 2017-ஆம் ஆண்டிலேயே இழுவை மடி முறையைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. கச்சத்தீவை மீட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே மேடைதோறும் பேசப்படுகிறது. நம் விசைப்படகுகளோ அத்தீவையும் கடந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவை ஒட்டிய கடற்பரப்புவரை செல்கின்றன என்பது மேடைகளில் பேசப்படுவதில்லை.

கைதாகிச் சிறையில் வாடும் நம் மீனவர்களின் துயரம் சிறியது என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பிறர் படகில் கூலிக்குச் செல்பவர்கள்; அவர்கள்மீது கடலில் வன்முறை நிகழும்போது அதைக் கண்டிக்கவே வேண்டும். இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளாக மாற்ற 2017-இல் மானியத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டதே, அது ஏன் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறவில்லை என்பதைத் தங்கள் இதழ் விரிவாக ஆராய்ந்து எழுதினால், இரு கரை மீனவர்களுக்கும் அது பயன்படும். எதிர்க்கரையில் வலை இழந்து நிற்பவரும் தமிழர்தான் என்பது நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இலங்கையின் நடுவே தோட்டங்கள் நிறைந்த மலைப்பகுதியான மலையகத்தைப் பற்றிய நம் மௌனம் இதைவிட ஆழமானது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்களைக் கேட்காமலேயே இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நீலகிரியில் இன்றும் இருக்கிறார்கள். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பெருமளவில் தீர்ந்தது. ஹட்டன் பகுதியில் நான் பார்த்த லயன் அறைகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில், பிள்ளைகள் படிக்கத் தனியிடம் இல்லாத ஒற்றை அறைக்குள் முழுக் குடும்பமும் வாழ்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 1,000 ரூபாயிலிருந்து 2024-இல் அடிப்படையாக 1,350 ரூபாய்க்கு உயர்ந்தபோதும், அது இலங்கை ரூபாய் என்பதையும், இடையில் விலைவாசி ஏறிய வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அந்த விலையேற்றத்தின் தழும்பை எல்லா ஊர்களிலும் கண்டேன். வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரலில் இலங்கை அறிவித்தது; எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் அதே ஆண்டு ஜூலையில் ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டே ஓடச் செய்தார்கள். கடைகளில் இப்போது பொருள்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியோடு வந்த சீரமைப்பில் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடாகிவிட்டது, அந்தச் சுமை ஏழைகளின் தோளில்தான் இறங்கியிருக்கிறது. நெருக்கடியின்போது தமிழ்நாட்டிலிருந்து சென்ற அரிசியையும் பால்மாவையும் சிங்களக் குடும்பத்தினர் உட்படப் பலரும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். அந்த நல்லெண்ணத்தை நாம் தொடர்ந்து பேணவில்லை என்பது என் வருத்தம்.

அரசியலிலும் நம் பார்வை பழைய இடத்திலேயே நிற்கிறது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், சிங்களப் பகுதிகளைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி என்ற கூட்டணி 225 இடங்களில் 159 இடங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அதற்குக் கிடைத்தன. அக்கூட்டணியின் தலைமைக் கட்சியான ஜே.வி.பி.தான் (மக்கள் விடுதலை முன்னணி), தமிழர் வாழும் வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக இணைத்ததற்கு எதிராக வழக்காடி 2006-இல் அவற்றைப் பிரிக்கச் செய்தது. மட்டக்களப்பிலோ அதே தேர்தலில் 5 இடங்களில் 3 தமிழரசுக் கட்சிக்குச் சென்றன; அடுத்த ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கிலும் அக்கட்சி மீண்டெழுந்தது. ஊழலைக் கண்டு சலித்துப்போய் ஒருமுறை வாக்கை மாற்றியவர்கள், காணியும் அதிகாரப் பகிர்வும் என்னவாயிற்று என்று மறுமுறை கேட்கிறார்கள் என்றே நான் புரிந்துகொண்டேன். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018-இல் முடிந்தபிறகு அங்கே மாகாணத் தேர்தலே நடத்தப்படவில்லை என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்து வாக்களிக்கும் மக்களைத் துயரத்தின் அடையாளமாக மட்டுமே நாம் சித்திரிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

1981-இல் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், மீண்டும் அடுக்கப்பட்ட நூல்களுக்கு நடுவே பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்து படிப்பதைப் பார்த்தேன். எரிந்த கதையை நாம் பலமுறை எழுதிவிட்டோம். அந்தப் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், எங்கே வேலை தேடுகிறார்கள், ஏன் பலர் வெளிநாடு செல்ல விரும்புகிறார்கள் என்பதை எழுதவில்லை.

ஆகவே, தங்கள் நாளிதழ் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் செய்தியாளர்களை நியமித்து, வாரம் ஒரு பக்கமாவது இலங்கைக்கு ஒதுக்க வேண்டுகிறேன். மீனவர் கைதுச் செய்தியை வெளியிடும் நாளில், எதிர்க்கரை மீனவர் சங்கங்களின் கருத்தையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்.