முன்னணை காலியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் வந்தாலே அசிசி புனித பிரான்சிசை 'கிறிஸ்துமஸ் குடிலைத் தொடங்கிய புனிதர்' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அவர் அமைத்த குடிலுக்கும் இன்றைய குடில்களுக்கும் ஒற்றுமை குறைவு.

அவ்வாண்டு நவம்பர் 29-இல்தான் அவருடைய சபை ஒழுங்குக்குத் திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் ஒப்புதல் அளித்திருந்தார். கிறிஸ்து பிறப்புக்குச் சுமார் 15 நாள் இருக்கையில், அவ்வூர்ப் பெரிய மனிதரான ஜானிடம் பிரான்சிஸ் கேட்டவை முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி), காய்ந்த புல், ஒரு மாடு, ஒரு கழுதை. பிரான்சிசின் முதல் வரலாற்றாசிரியரான செலானோ தாமஸ் எழுதிய வரலாற்றில் மரியா, யோசேப்பு சொரூபங்கள் இல்லை. வேடமிட்டவர்களும் இல்லை. முன்னணையருகே திருப்பலி நடக்க, திருத்தொண்டரான (குருவுக்கு அடுத்த படிநிலையில் இருந்த) பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். (மாடும் கழுதையும் நற்செய்தி சொல்லும் பிறப்பு நிகழ்ச்சியில் இல்லை, பழைய ஏற்பாட்டின் எசாயா 1:3-இலிருந்து வந்து சேர்ந்தவை.)

காத்திருப்புக்கான குடில் இதுதான். டிசம்பர் முதல் வாரத்திலேயே குழந்தை சொரூபம் வரை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டால், 24-ஆம் தேதி இரவு செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. சிறுவர்களும் அதற்குள் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

முதல் ஞாயிறு வெறும் கொட்டகையும் காலி முன்னணையும் போதும். அடுத்த ஞாயிறு விலங்குகள். 'வாரத்துக்கு ஒன்று' என்று நான்கு வாரத்தையும் நம்பித் திட்டமிடாதீர்கள்: கிறிஸ்துமஸ் திங்களன்று வந்தால் நான்காம் வாரம் ஒரே நாள்தான். டிசம்பர் 17-ஐக் கணக்கில் வையுங்கள். திருவழிபாடு அன்றுமுதல் பிறப்பை நேராகச் சுட்டுகிறது. மரியாவையும் யோசேப்பையும் அன்று தொலைவில் நிறுத்தி நாள்தோறும் சற்று நகர்த்தலாம். குழந்தையும் இடையர்களும் 24 இரவு, ஞானிகள் ஜனவரி தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழாவில். சில தொகுப்புகளில் குழந்தை முன்னணையோடு ஒட்டியே வார்க்கப்பட்டிருக்கும்; அதை எடுத்து வைத்துவிட்டு, 24 வரை ஒரு சிறு மரப்பெட்டியில் புல் பரப்புங்கள்.

புல் ஈரமாக இருந்தால் சில நாளில் பூஞ்சை பிடித்து நாறும். நன்றாக வெயிலில் காயவைத்தே பரப்ப வேண்டும். காய்ந்த புல்லோ எளிதில் தீப்பற்றும். சீரியல் விளக்குகளை கூரைக்கு வெளிப்புறமாகக் கட்டி, தூங்கப்போகுமுன் அணைத்துவிடுங்கள். எரியும் மெழுகுவர்த்தியைக் குடிலுக்குள் வைக்கவே கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்