கிளாஸ்கோவிலிருந்து அக்காவுக்கு

கிளாஸ்கோ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? பெரியம்மா மகனை, நம் அண்ணனை, குடியை விடுவதற்காக மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருப்பதாகப் போனில் சொன்னாய். கூடவே, "ஒரு போதையை விட வைக்க இன்னொரு மருந்தைப் பழக்கினா, அதுவும் பழக்கம்தானே தம்பி?" என்றும் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே போதை சிகிச்சை மருத்துவனாக இருக்கும் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஹெராயின் என்ற போதைப்பொருள்தான் பிரச்சினை. 1980களில் வேலைகள் பறிபோன காலத்தில் இந்த ஊருக்குள் அது பரவியது. அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டி, நுரையீரலும் கல்லீரலும் கெட்டு வந்து உட்காருகிறார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் ஸ்காட்லாந்தில் 2020இல் மட்டும் போதைப்பொருளால் 1,339 பேர் இறந்தார்கள்.

புதிதாக ஒருவர் வந்தால் முதலில் அவர் கையைப் பார்ப்பேன். ஹெராயினை நிறுத்திப் பாதி நாள் ஆகியிருந்தால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும், கண்மணி விரிந்திருக்கும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும். அந்த நிலை வந்த பிறகுதான், ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் புப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுப்போம். அவசரப்பட்டால், மூளையில் ஹெராயின் பிடித்து வைத்திருக்கும் இடத்தை அது ஒரேயடியாகப் பறித்துக்கொள்ளும். ஆள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டுவிடுவார். அப்படி அவதிப்பட்டவர் மறுபடி நம் வாசல் பக்கம் வருவது கடினம். அதனால் தேநீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பதும் என் வேலையில் சேர்த்திதான்.

இன்னொரு மாற்று மருந்து மெத்தடோன், பச்சை நிறத் திரவம். தொடக்கத்தில் தினமும் மருந்துக்கடைக்குப் போய், மருந்தாளுநரின் கண்முன்னே குடிக்க வேண்டும். உடம்பில் மெல்லச் சேர்கிற மருந்து என்பதால் சிறிய அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவோம். அளவு சரியாக அமைந்தால் கிறக்கம் இருக்காது. காலையில் எழுந்ததும் ஹெராயினுக்குக் காசு தேடி அலையும் ஓட்டம் நின்றுவிடும். நீ கேட்டாயே, அதுவும் பழக்கம்தானே என்று? உடம்பு அந்த மருந்தைச் சார்ந்திருப்பது உண்மை. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார். பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மெத்தடோன் எடுக்கும்போது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் 11 பேர் இறந்தார்கள். நிறுத்திய பிறகு 36 பேர். இதைப் படித்த பிறகு எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை, அக்கா.

வாரத்தில் ஒரு நாள் ஆய்வுக்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பாதியில் வராமல் நின்றுபோனவர்கள் ஏன் நின்றார்கள் என்பதுதான் என் கேள்வி. பதில்கள் மிகச் சாதாரணமானவை: பஸ் காசு இல்லை, கடையில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார், சந்திப்புக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது. இப்போது மாதம் ஒருமுறை தோலுக்கு அடியில் போடும் புப்ரினார்ஃபின் ஊசி வந்திருக்கிறது. அதற்கு மாறிய ஒருவர், "இனி தினமும் காலையில் நான் யாரென்று கடைக்காரர் நினைவுபடுத்த மாட்டார்" என்றார். அவர் முதுகு நிமிர்ந்திருந்ததைப் பார்த்தபோது இந்த வேலைக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு நிறைவு. நான் ஊரில் பயிற்சியில் இருந்த ஓரிடத்தில், மறுபடி குடித்துவிட்டு வந்தவரை அனுமதிக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அவருக்குத்தானே அன்றைக்கு மருத்துவர் தேவை?

சரி, நம் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கு மெத்தடோன் போல மாற்று மருந்து கிடையாது, வழி வேறு. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு, நேரம் காலம் தெரியாமல் பிதற்றும் நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து. அறையில் பூட்டிவைத்து வைராக்கியத்தைப் பார்க்கிற விஷயமில்லை இது. சில நாட்களுக்கு, நரம்புகளை அமைதிப்படுத்தும் டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும், இல்லாவிட்டால் நினைவாற்றலே போய்விடக்கூடும். அந்த மையத்துக்கு டாக்டர் தினமும் வருகிறாரா, தயமின் போட்டார்களா என்று நாளைக்கே கேள். மழுப்பினால், அத்தானை அழைத்துக்கொண்டு போய் அவரை அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் சேர்த்துவிடு.

இன்னொன்று, மிக முக்கியம். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் வருமே, அதைப் பெரியம்மா வாங்கவே கூடாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து அதில் இருந்து, அவர் அதன் மேல் குடித்தால், முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அந்த மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் அவருக்குச் சொல்லி, அவர் சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. குடியை விட உதவ நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு. எது பொருந்தும் என்பதைக் கல்லீரல் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி குடித்தாலும் அண்ணியைக் கதவைச் சாத்தச் சொல்லாதே, டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல். அங்கே கொடுக்கும் மாத்திரை அட்டைகளையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அண்ணியை என்னிடம் நேரடியாகவே பேசச் சொல். உங்கள் நேரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் எடுப்பேன்.

அன்புடன்,
தம்பி